பதின்மூன்றாவது மைலில் நிற்பது ஏன்?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், நண்பகல் வேளை. சிக்கிமின் தலைநகரான காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குச் செல்லும் ஜவாஹர்லால் நேரு சாலையில், பதினைந்தாவது மைல் என்று வழங்கப்படும் இடத்தின் அருகே, மலைச்சரிவிலிருந்து பெயர்ந்த பனி சுற்றுலா வந்திருந்தோர் மீது விழுந்தது. இராணுவத்தினரும் எல்லைச் சாலை அமைப்பினரும் உள்ளூர் மக்களும் விரைந்து பனியைத் தோண்டிப் பலரை உயிருடன் மீட்டனர். ஆயினும் ஏழு பேர் உயிரிழந்தனர்.

அன்று வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டு பதின்மூன்றாவது மைல் வரை மட்டுமே செல்லத்தக்கது என்று காவல்துறை அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். அனுமதித்த இடத்துக்கும் விபத்து நிகழ்ந்த இடத்துக்கும் இடையே இரண்டே மைல். வண்டியில் சில நிமிடப் பயணம்.

மாண்டவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அந்த வண்டியில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்ப்போம். வானம் தெளிந்திருக்கிறது, சாலை திறந்திருக்கிறது, முன்னால் வேறு வண்டிகள் செல்கின்றன, சற்றுத் தள்ளிப் பனி இன்னும் அழகாக இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே!" என்றுதான் நம்மில் பலரும் சொல்லியிருப்போம். நம் வாடிக்கையாளர்களுள் ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் மணாலிக்கும் குல்மார்க்குக்கும் சிக்கிமுக்கும் செல்கின்றன. இளைஞர்கள் மலையேற்றத்துக்கும் பனிச்சறுக்குக்கும் புறப்படுகின்றனர். அவர்கள் பயணப் பையில் கம்பளி ஆடையோடு எடுத்துச் செல்ல வேண்டிய சில செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துள்ளோம்.

ஒரே வெண்மை, பல அடுக்குகள்

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். இமயத்தில் பொழியும் வெண்பனியோ மறைவதில்லை. நவம்பரில் விழுந்தது டிசம்பரில் விழுந்ததற்கு அடியில் கிடக்கிறது. டிசம்பர்ப் பனியின் மேல் ஜனவரிப் பனி படிகிறது. கோடை வரும்வரை குவியும் இந்தப் பனிப்படிவை நம் பேரேட்டோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு பொழிவும், ஒவ்வொரு காற்றும், ஒவ்வொரு வெயிலும் அதில் பதிவாகின்றன. மேல் பக்கம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் கீழே பதிந்த பிழை அழிவதில்லை. பனிமலையின் ஆபத்து பெரும்பாலும் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கிலேயே உறைகிறது.

அந்தப் பிழை எவ்வாறு உண்டாகிறது? குளிர்காலத்தின் தொடக்கத்தில் பனி மெல்லிய படலமாகவே தரையை மூடியிருக்கும். அதன் அடியிலுள்ள நிலம் ஏறத்தாழ 0 டிகிரி வெப்பத்தில் இருக்க, மேலேயுள்ள காற்று இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி வரை குளிர்ந்துவிடும். இவ்வளவு பெரிய வேறுபாடு அரை மீட்டர் பனிக்குள் நிலவும்போது, அடிப்பகுதியிலிருந்து நீராவி மேல்நோக்கிச் சென்று மீண்டும் உறைகிறது. அவ்வாறு உறையும்போது, ஒன்றோடொன்று பிணைந்திருந்த சிறு துகள்கள் சிதைந்து, கோணங்கள் கொண்ட பெரிய படிகங்களாக வளர்கின்றன. பார்ப்பதற்குச் சீனி போல இருக்கும். ஈரமுள்ள பனியைக் கையில் அள்ளிப் பிடித்தால் பிடிகொழுக்கட்டை போல உருண்டையாகும். இந்தப் பனியோ விரல்களுக்கிடையே வழிந்தோடிவிடும். இதன்மேல் பின்னர் எவ்வளவு பனி பொழிந்தாலும், அது சீனி பரப்பிய தரையின்மேல் அடுக்கிய பலகையைப் போன்றதே. பனி குறைந்த ஆண்டில் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். மெல்லிய பனியும் கடுங்குளிரும் சேர்ந்த காலமே வலுவற்ற அடுக்கு பிறக்கும் காலம்.

பலகை பெயரும் விதம்

புதிதாக விழுந்த பனி ஒரு புள்ளியில் தொடங்கிக் கூம்பு வடிவில் உதிர்வது ஒரு வகைச் சரிவு. வெயிலாலோ மழையாலோ நனைந்து கனத்த பனி, இளவேனிற்காலப் பிற்பகல்களில் மெதுவாக, ஆனால் பெரும் எடையோடு இறங்குவது மற்றொரு வகை. இவ்விரண்டையும் விட அதிக உயிர்களைக் கொள்வது பலகைச் சரிவு. காற்றால் இறுகிய மேலடுக்கு பலகை போல ஒட்டுமொத்தமாகப் பெயர்ந்து, கீழேயுள்ள வலுவற்ற அடுக்கின்மேல் வழுக்கிக்கொண்டு வருவது இது.

இதன் எடையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 50 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் அரை மீட்டர் கனமும் உள்ள பனிப்பலகை ஒன்று பெயர்வதாகக் கொள்வோம். அதன் கன அளவு 2,500 கன மீட்டர். காற்றால் இறுகிய பனி கன மீட்டருக்கு 200 கிலோ எடை இருக்குமெனில், மொத்த எடை 500 டன். அதாவது பத்து டன் ஏற்றிய ஐம்பது லாரிகளின் சுமை. மலையின் அளவுகோலில் இது சிறிய சரிவே. பெரிய உலர்பனிச் சரிவு மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வரும். அதை ஓடி வெல்ல எவராலும் இயலாது.

எல்லாச் சரிவுகளிலும் பனி பெயர்வதில்லை. 25 டிகிரிக்குக் குறைந்த சாய்வில் பலகைச் சரிவு அரிது. மிகவும் செங்குத்தான பாறைகளில் பனி தங்குவதே இல்லை. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைமுகங்களே பெரும்பாலான சரிவுகளின் பிறப்பிடம். நம் ஊர் ஓட்டுக்கூரையின் சாய்வை நினைத்துக்கொண்டால் அந்த அளவின் தொடக்கம் புலப்படும். சறுக்கு விளையாட்டுக்கு இன்பம் தரும் சாய்வும் இதுவே என்பதுதான் துயரம். சமதரையில் நிற்பவரும் காப்புப் பெற்றவராகிவிடுவதில்லை. சாலை சமமாக இருந்தாலும், அதற்கு மேலே அத்தகைய மலைமுகம் ஒன்று இருந்தால், அங்கே பெயர்வது இங்கே வந்து சேரும்.

உரக்கக் கத்தினால் பனி சரியும் என்று திரைப்படங்கள் காட்டுவது உண்மையன்று; மனிதக் குரலுக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. ஆனால் மனித உடலின் எடைக்கு உண்டு. மலையேறுவோரும் சறுக்குவோரும் சிக்கிய விபத்துகளை மேலை நாடுகளில் ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான் சரிவைத் தூண்டியிருக்கின்றனர் என்று கண்டுள்ளனர். முன்னால் நால்வர் கடந்த தடம் ஐந்தாமவருக்கு உறுதிமொழி ஆகாது. வலுவற்ற அடுக்கின் மெல்லிய இடத்தை ஐந்தாமவர் மிதிக்கக்கூடும்.

மலைத்தொடர்கள் மூன்று, பனியும் மூன்று

நம் வடமேற்கு இமயத்தின் பனியை வல்லுநர்கள் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றனர். மத்தியதரைக் கடல் பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் வானிலை அமைப்புகளே இவற்றுக்குக் குளிர்காலப் பனியை வழங்குகின்றன.

முதலாவது பீர் பஞ்சால் தொடர். குல்மார்க்கும் ரோத்தாங் கணவாயும் இதில் அடங்கும். இங்குப் பொழிவு மிகுதி. குளிர் ஒப்பளவில் மிதம். ஒரே புயலில் பெருமளவு பனி குவிந்து, பொழிவின்போதும் அதையடுத்த ஓரிரு நாள்களிலும் சரிவுகள் நிகழ்கின்றன. இரண்டாவது, உயர் இமயத் தொடர். இங்குப் பொழிவு குறைவு, குளிர் அதிகம். ஆகவே வலுவற்ற அடுக்குகள் நெடுநாள் நீடிக்கின்றன. மூன்றாவது காரகோரம். சியாச்சின் பனியாறு அமைந்த இப்பகுதியில் பனி வறண்டது; குளிர் மிகக் கொடியது; காற்றே பனியை ஓரிடத்திலிருந்து அள்ளி மற்றோரிடத்தில் குவிக்கிறது.

இம்மலைகளின் வரலாற்றில் சில நாள்கள் மறக்கத்தகாதவை. 1979 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து நிகழ்ந்த சரிவுகள் 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2010 பிப்ரவரியில் குல்மார்க் அருகே கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த இராணுவ வீரர்கள் 17 பேர் உயிரிழந்தனர். 2022 அக்டோபர் 4ஆம் நாள் உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரப் பகுதியில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவினர் சரிவில் சிக்கி, 25க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 பிப்ரவரி 1ஆம் நாள் குல்மார்க்கின் ஆபர்வத் மலைச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். மலையை நன்கறிந்தோரும் பயிற்சி பெற்றோரும் இப்பட்டியலில் உள்ளனர் என்பதைக் கவனிக்க வேண்டும். திறமை ஆபத்தைக் குறைக்கிறது; அழித்துவிடுவதில்லை.

கால் மணி நேரக் கணக்கு

சரிந்துவரும் பனி நீர் போலப் பாய்கிறது. நின்றவுடன் சில நொடிகளில் சிமென்ட் போல இறுகிவிடுகிறது. உள்ளே சிக்கியவரால் பெரும்பாலும் கையை அசைக்கவும் இயலாது. அவர் விடும் மூச்சின் ஈரம் முகத்தைச் சுற்றியுள்ள பனியில் உறைந்து, காற்றுப் புகாத உறையாகிறது. குளிரைவிட மூச்சுத்திணறலே முதல் எதிரி. சரிவின்போதே படுகாயம் அடையாதவர் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி நேரம் கடந்தால் அவ்வாய்ப்பு பத்தில் மூன்று என்ற அளவுக்குச் சரிந்துவிடுகிறது.

இதன் பொருள் தெளிவானது. நகரத்திலிருந்து மீட்புப் படை வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பரே மீட்புப் படை. அதனால்தான் சாலையும் விளையாட்டுத் திடலும் தாண்டிய மலைப்பகுதிக்குள் செல்வோர் ஒவ்வொருவரும் மூன்று கருவிகளைச் சுமக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. முதலாவது, 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறிப்பொலி அனுப்பவும் ஏற்கவும் வல்ல பீக்கன். இரண்டாவது, பனிக்குள் செலுத்தி ஆளைத் தேடும் நீண்ட மடக்குக் கம்பி. மூன்றாவது, உலோக மண்வெட்டி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்படா. கருவி இருந்தும் பழகாதவர் கையில் அதனால் பலனில்லை. ஆகவே, பயிற்சி தரும் வழிகாட்டியோடு மட்டுமே செல்லுதல் நன்று.

விதிவிலக்குகளும் உண்டு. 2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல் நிலை பனியில் புதைந்தது. அங்கிருந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாள்களுக்குப் பின், பல அடி ஆழத்திலிருந்து கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் மீட்கப்பட்டபோது நாடே வியந்தது. பிப்ரவரி 11ஆம் நாள் டெல்லி இராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. எஞ்சிய ஒன்பது பேரும் பனிக்குள்ளேயே மாண்டிருந்தனர். அந்த வியப்புக்குரிய செய்தியை நினைவில் கொள்ளும் நாம், அந்த ஒன்பது பேரையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

மலை சொல்லும் சொற்கள்

பனிச்சரிவை முன்னறிந்து சொல்லும் பணிக்காக 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது 2020இல் மற்றோர் ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் இயங்கிவருகிறது. இந்நிறுவனம் வழங்கும் எச்சரிக்கைகளை மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் மாவட்டவாரியாக அறிவிக்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலி வழியாகவும் எச்சரிக்கைகளைப் பெறலாம். பயணத்துக்கு முதல் நாள் இரவும் புறப்படும் காலையும் இவற்றைப் பார்ப்பது, வண்டியில் எரிபொருள் இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வழக்கமாக வேண்டும்.

'நடுத்தர ஆபத்து' என்ற சொல்லைக் கண்டு அமைதியடையலாகாது. ஆபத்து மிக உயர்ந்த நாள்களில் எவரும் வெளியே செல்வதில்லை. பலர் துணிந்து செல்லும் இடைநிலை நாள்களிலேயே உயிரிழப்புகள் மிகுதியாக நேர்கின்றன.

மலையும் தானே சில குறிப்புகளைத் தருகிறது. அவை வருமாறு:

அருகிலுள்ள சரிவுகளில் அண்மையில் பனி பெயர்ந்த தடம் தெரிதல். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை.

காலடியில் பனி திடீரென அமுங்கி 'உம்ப்' என்ற கனத்த ஓசை எழுதல். அடியிலுள்ள அடுக்கு நொறுங்கியதன் ஒலி அது.

நிற்கும் இடத்திலிருந்து பனியில் விரிசல் ஓடுதல்.

கடந்த ஓரிரு நாள்களில் பெரும் பனிப்பொழிவு அல்லது பலத்த காற்று இருந்திருத்தல். பொழிவு இல்லாமலே காற்று மட்டும் ஒரு மலைமுகத்தில் பெருஞ்சுமையை ஏற்றிவிடும்.

வெப்பம் திடீரென உயர்தல், பனியின்மேல் மழை பெய்தல்.

புயல் ஓய்ந்த மறுநாள் காலை வானம் நீலமாக ஒளிரும். படம் எடுக்க அதைவிட ஏற்ற நாள் கிடையாது. ஆனால் முந்தைய நாள் பொழிந்த சுமை இன்னும் நிலைகொள்ளாமல் மலைமேல் இருக்கும் நாளும் அதுவே. குல்மார்க்கில் 3,900 மீட்டருக்கும் மேல் ஏறும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தைப் பெரும்பனிக்குப் பின் நிறுத்திவைப்பதுண்டு. வெயில் அடிக்கும்போது ஏன் மூடுகிறார்கள் என்று வரிசையில் நின்று சலித்துக்கொள்வோர், இந்தக் காரணத்தை அறிந்தால் நன்றி சொல்வர்.

கட்டிய பணமும் திரும்பும் முடிவும்

வங்கியில் பணிபுரியும் நமக்கு இதில் நன்கு தெரிந்த பகுதி ஒன்று உண்டு. திரும்பி வராத செலவை எண்ணி அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்பது வணிகவியலின் தொடக்கப் பாடம். நட்டத்தில் ஓடும் தொழிலில், முன்பு போட்ட முதலுக்காகவே மேலும் முதல் போடுவோரை நாம் கண்டிருக்கிறோம். மலைச்சாலையிலும் மனம் அவ்வாறே கணக்கிடுகிறது. விமானக் கட்டணம் கட்டியாயிற்று, விடுதிக்குக் கட்டியாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று, ஆகவே கணவாயைப் பார்த்தே தீர வேண்டும். உண்மையில், கட்டிய பணம் நாம் மேலே சென்றாலும் திரும்பாது, கீழே இறங்கினாலும் திரும்பாது. எஞ்சியுள்ள முடிவு ஒன்றே: இன்று இந்தச் சரிவின் கீழ் நிற்கலாமா, கூடாதா?

இந்த நெருக்கடியை வீட்டிலிருந்தே தளர்த்தலாம். பயணத் திட்டத்தில் ஒரு நாளையேனும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்பதிவின்போதே கேட்டுப் பெறுங்கள். "கூடுதலாகத் தருகிறோம், இன்னும் சற்று மேலே போங்கள்" என்று ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். அந்தச் சாலையை நாள்தோறும் காண்பவர் அவர். அவர் தயங்கினால் அத்தயக்கத்துக்கு மதிப்பளியுங்கள்.

காப்பீட்டையும் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். பல மருத்துவ, விபத்துக் காப்பீட்டு பாலிசிகள் மலையேற்றம், பனிச்சறுக்கு போன்ற சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கின்றன. விலக்குப் பிரிவைப் படித்து, தேவையெனில் அவற்றை உள்ளடக்கிய பயணக் காப்பீட்டைத் தனியே பெறுங்கள். 18 முதல் 70 வயது வரையிலான சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரக்கூடிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா திட்டத்தில், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. இயற்கைச் சீற்றத்தால் நேரும் மரணமும் இதில் அடங்கும். உங்கள் கணக்கில் இத்திட்டத்துக்கான தொகை கழிக்கப்பட்டுள்ளதா, நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதைக் கிளையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அவசர உதவி எண் 112.

தெரிவு இல்லாதவர்கள்

பனிமலைக்குச் செல்வதும் செல்லாததும் நமக்குத் தெரிவு. அங்கேயே வாழ்வோருக்கும் உழைப்போருக்கும் அது இல்லை. 2025 பிப்ரவரி 28ஆம் நாள் விடியற்காலையில், பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலைப் பணிக்காகத் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் சரிவில் சிக்கினர். அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கொட்டகைகள் பனியின் அழுத்தத்தை ஓரளவு தாங்கியதும், மீட்புப் படையினர் இரவு பகலாகத் தோண்டியதும் 46 பேரைக் காப்பாற்றின. எட்டுப் பேர் உயிரிழந்தனர். நாம் வண்டியில் சென்று பனியைக் காண்பதற்குரிய சாலைகள் இத்தகையோர் துப்புரவு செய்து திறந்துவைக்கும் சாலைகளே. நாம் எல்லை மீறிச் சென்று சிக்கிக்கொண்டால், நம்மைத் தேடி அதே சரிவின் கீழ் வந்து நின்று தோண்டுவோரும் இவர்களே. இரண்டாவது சரிவு அவர்கள்மேல் விழக்கூடும். ஒரு தடையை மதிப்பது நம் உயிருக்கு மட்டும் காப்பன்று.

இமயப் பயணம் வாழ்நாள் முழுதும் நினைவில் நிற்கும் இன்பம். அதை எவரும் கைவிட வேண்டியதில்லை. பதின்மூன்றாவது மைலிலும் பனி உண்டு. குழந்தைகள் விளையாட இடம் உண்டு. சூடான தேநீரும் உண்டு. அங்கிருந்து பார்த்தால், மேலேயுள்ள வெண்மை நாம் ஏறாவிட்டாலும் அழகாகவே தெரியும். அடுத்த முறை சோதனைச் சாவடியில் சீட்டைக் கொடுத்து "இதுவரைதான்" என்று ஒருவர் சொல்லும்போது, "சரி ஐயா" என்று வண்டியை அங்கேயே ஓரமாக நிறுத்தச் சொல்வோம்.